ஈடுபாடு வேறு, பங்கேற்பு வேறு

சென்ற மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த ஒரு விளக்கக் கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் மலாயில் ‘பெங்லிபாத்தான் சிவிக்’ என்றும், அதன் கீழே தமிழில் ‘குடிமை ஈடுபாடு’ என்றும் எழுதியிருந்தார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை நிற்கிற தோட்டப்புறச் சிற்றூர் எங்களுடையது; வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தவர்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மூதாட்டி பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “ஏன் வாத்தியாரே, ஈடுபாடுங்கிறது சாமி மேல வைக்கிறதுதானே? லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, அதப் பேச வந்த எடத்துல எதுக்கு ஈடுபாடு?” என்று கேட்டார். இந்தத் தொடரை மேடைகளிலும் அறிக்கைகளிலும் எத்தனையோ முறை கேட்டு, முகம் சுளித்து, பேசாமல் இருந்துவிட்டவன் நான். அந்த அம்மாளின் கேள்விக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிமகனைக் குறிக்கும் ‘சிவிஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழியில் பிறந்து, ஆங்கிலத்தைக் கடந்து மலாய்க்கு வந்தது ‘சிவிக்’. தமிழில் ‘குடி’ என்பதற்கு வீடு, குடும்பம், குலம், ஊர், ஆளப்படுவோர் என்று பல பொருள் உண்டு. திருக்குறளின் 96ஆம் அதிகாரத்துக்குக் ‘குடிமை’ என்றே பெயர். ஆனால் அங்கே அது நற்குடிப் பிறப்பின் தன்மையைக் குறிக்கிறது, நாட்டின் உறுப்பினராக இருப்பதை அன்று. இந்நாட்டில் எங்கள் பெற்றோர் தலைமுறை ‘பிரஜை’, ‘பிரஜாவுரிமை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. பின்னர்க் ‘குடிமக்கள்’, ‘குடியுரிமை’ என்பவை நிலைபெற்றன. (‘குடிமகன்’ என்றாலே மதுக்கடையை நினைத்துச் சிரிக்கிற பழக்கம் ஒன்று உண்டு, அது சொல்லின் குற்றமன்று.) ஆகவே தொடரின் முற்பாதியோடு எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் பிற்பாதியோடுதான்.

‘ஈடுபாடு’ என்பது மனத்தின் நிலை. இசையில் ஈடுபாடு, பக்தியில் ஈடுபாடு, படிப்பில் ஈடுபாடு இல்லாத பிள்ளை என்றெல்லாம் சொல்கிறோம். ஒருவர் வீட்டை விட்டு வெளியே வராமல், யாரிடமும் ஒரு சொல் பேசாமல், எதிலும் வேண்டிய அளவு ஈடுபாடு கொண்டிருக்கலாம். ஆனால் பதாகை குறிக்க வந்தது செயலை: வாக்களிப்பது, கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்பது, புகார்க் கடிதம் எழுதுவது, மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவிப்பது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கணக்கைக் காட்டச் சொல்வது. இவற்றை ஈடுபாடு என்று சொன்னால், செயல் கழன்று ஆர்வம் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு நண்பர்கள் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். ‘போராட்டத்தில் ஈடுபட்டனர்’, ‘திருட்டில் ஈடுபட்டவர் கைது’ என்று நாளும் எழுதுகிறோமே, அங்கே ஈடுபடுதல் செயல்தானே என்பார்கள். உண்மைதான், ‘ஈடுபடு’ என்ற வினை செயலைச் சுமக்கிறது. ஆனால் ‘ஈடுபாடு’ என்ற பெயர் அதைச் சுமப்பதில்லை. ‘திருட்டில் ஈடுபட்டார்’ என்றால் அவர் திருடினார். ‘திருட்டில் ஈடுபாடு உடையவர்’ என்றால் அவருக்குத் திருட்டின் மேல் ஆசை, இன்னும் திருடவில்லை. முன்னவரைத்தான் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போவார்கள். வினைக்கு உள்ள பொருள் பெயருக்கும் தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறவர் அகராதியைப் பார்த்த அளவுக்குப் பேச்சைக் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எந்திர மொழிபெயர்ப்பு இதே தொடரின் ஆங்கில வடிவமான ‘சிவிக் எங்கேஜ்மென்ட்’ என்பதைக் ‘குடிமை நிச்சயதார்த்தம்’ ஆக்கிவிட்டதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தப் பிழையை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் அதனால் கேடில்லை. நம்பும்படியாக இருக்கிற பிழைதான் நிலைத்துவிடுகிறது.

ஈடுபாட்டுக்குப் பதிலாக நான் சொல்லும் ‘பங்கேற்பு’ என்ற சொல்லையும் விட்டுவைக்காதவர்கள் உண்டு. அது விழாவுக்கு வந்து உட்கார்வதைத்தான் குறிக்கிறது என்று ஒரு சாராரும், ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஔவை சொன்னாரே, கொடுத்ததைக் கைநீட்டி வாங்குவது எப்படி உரிமையாகும் என்று ஒரு சாராரும் வாதிடுகிறார்கள். இரண்டாவதற்கு விடை எளிது: பதவியேற்பு, பொறுப்பேற்பு என்னும்போது யாரும் இரப்பதாக நாம் நினைப்பதில்லை. முதலாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. விழாச் செய்திகளில் அந்தச் சொல் தேய்ந்துதான் போயிற்று. ஆனால் ‘பங்கு’ தேயவில்லை, அதுவும் தோட்டப்புறத்தில். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (இன்றைய ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அன்று பங்குப் பணம் கட்டியவர்களுக்குப் பங்கு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை: போட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்கலாம், பெரிய பங்கோ சின்னப் பங்கோ ஆளுக்கு ஒரு வாக்கு. ‘பங்கேற்பு’ என்ற சொல்லுக்குள் நான் கேட்பது அந்தப் பங்கைத்தான். ‘என் பங்குக்கு நானும் சொன்னேன்’ என்று பேச்சில் சொல்கிறோம். அதிலும் ஒருவர் தம் கடமையையும் உரிமையையும் ஒருசேர வைத்துப் பேசுகிறார்.

‘பொதுக்காரியம்’ என்ற நல்ல சொல் ஒன்று தோட்டத்துப் பேச்சில் இருக்கிறது. ‘காரியம்’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் அதை ஒதுக்குவார்கள். நான் அதற்காக ஒதுக்க மாட்டேன். எனக்குள்ள தயக்கம் வேறு. பதினாறாம் நாள் காரியம் என்று பழகிப்போன காதுக்கு, ‘நாளைக்குக் காரியம் இருக்கிறது’ என்றால் யார் வீட்டில் என்றுதான் கேட்கத் தோன்றும். பேச்சில் பொதுக்காரியம் இருக்கட்டும். எழுத்தில் ‘குடிமைப் பங்கேற்பு’ என்பதே தெளிவு.

‘சமூக சேவை’ என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கால்வாய் அடைப்பைப் பற்றி மூன்று கடிதம் எழுதியவரை நாளிதழ் உடனே ‘சமூக சேவகர்’ ஆக்கிவிடுகிறது. சேவை என்பது கொடுப்பவர் விருப்பம். ஊராட்சி மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் கேட்பது சேவையன்று. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் அவை இல்லாமலே போன பிறகு, நகராண்மைக் கழக உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. அவரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அதே ஊராட்சிச் சட்டம், மன்றமே வேறாகத் தீர்மானித்தால் ஒழிய, ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டமோ, உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படாத இடத்தில் பக்கத்து நிலத்தில் கட்டடம் எழும்ப விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வழி வைத்திருக்கிறது. அந்த 21 நாளில் வெறும் ஈடுபாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடிதம் எழுத வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவர வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபை பேசும்போது ‘ஊரோம்’ என்று தன்மைப் பன்மையில் பேசும். ‘சபையோம்’, ‘நாட்டோம்’ என்பனவும் அப்படியே. முடிவு செய்தவர்கள் தங்களை ‘நாங்கள்’ என்றே எழுதினார்கள். அந்தச் சபைகளில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதை மறக்கவில்லை. ஆனாலும் இலக்கணம் சரியாக இருந்தது. இன்றைய அறிக்கைகளில் நாம் எப்போதும் படர்க்கையில் நிற்கிறோம். ‘பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு நிகழ்ச்சியைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்’: கேட்டுக்கொள்வது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை, வந்தவர்கள் சிறப்பிப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்பதும் இல்லை. மலாய் மூலத்தில் ‘கேள்வி பதில் அங்கம்’ என்று இருந்ததைக்கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் இதற்குள் அடக்கி விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்து தே தாரேக் குடிக்கும்போது ஏற்பாட்டாளர்களில் ஒரு தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டு, “அடுத்த தடவை மாத்திடுறோம் சார்” என்றார். சொன்னபடியே மாற்றியும் விட்டார். நேற்று வந்த அறிவிப்பில், ‘குடிமைப் பங்கேற்பில் ஈடுபாடு கொண்டோர் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்கவும்’ என்று இருக்கிறது.