சுவரில் உளி எழுதிய தேதி

எகிப்தில் அஸ்வானுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி நைல் நதி சட்டென்று ஒடுங்குகிறது. இரண்டு கரையிலும் மணற்கல் குன்றுகள். இடத்தின் பெயர் கெபல் எல்-சில்சிலா. கார்னக், லக்சர், எட்ஃபு கோயில்களுக்கெல்லாம் பெருமளவு கல் போனது இந்தக் குவாரியிலிருந்துதான்.

மணற்கல்லுக்கு மாறுவதற்கு முன்னால் எகிப்தியர்கள் அதிகம் கட்டியது சுண்ணாம்புக்கல்லில். அதில் ஒரு சிக்கல், உத்தரமாகப் படுக்க வைத்தால் நீளம் சுமார் 3 மீட்டரைத் தாண்டும்போதே நடுவில் விரிசல் விடும் பயம் வந்துவிடும். நல்ல மணற்கல் அதைவிட நீளமாகத் தாங்கும். கி.மு. 1550 வாக்கில் தொடங்கிய 18ஆம் வம்சக் காலத்தில் பெரிய கோயில்கள் மணற்கல்லுக்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எப்படி வெட்டினார்கள்? வேண்டிய கல்லைச் சுற்றி உளியும் கொட்டாப்புளியுமாகக் குறுகலான பள்ளம் தோண்டுவார்கள். நாலு பக்கமும் விடுபட்டதும் பாக்கி அடிப்பக்கம் மட்டும்தான். அங்கே பாறையே கைகொடுக்கும்: மணற்கல் என்பது ஒரு காலத்தில் தண்ணீர் கொண்டுவந்து போட்ட மணல், அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது, அதனால் அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் நெம்பினால் பெயர்ந்து வரும். மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றி, அது ஊதும் வேகத்தில் பாறையைப் பிளந்தார்கள் என்ற கதை ஊரெல்லாம் ஓடுகிறது. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

எனக்குப் பிடித்தது, கல் போன பிறகு நிற்கும் சுவர்தான். வெண்கல உளி சீக்கிரம் மழுங்கும், அதன் தடங்கள் குட்டையாக, திசை மாறி மாறி மீன்முள் போலச் சாய்ந்திருக்கும். இரும்பு உளி புழக்கத்துக்கு வந்த பிந்தைய காலத்துச் சுவர்களிலோ நீளமான இணைகோடுகள். ஆய்வாளர்களான ரோஸ்மேரி கிளெம், டீட்ரிஷ் கிளெம் தம்பதியர் இப்படி உளித்தடங்களை வகைப்படுத்தித்தான் எகிப்தியக் குவாரிகளுக்குக் காலம் குறித்தார்கள்.

குவாரி ஆற்றங்கரையிலேயே இருந்ததால் கல் படகில் போனது, வெள்ளக் காலத்தில் படகு கட்டடத்துக்கு இன்னும் கிட்டத்தில் போய் நிற்கும். முதலாம் சேத்தி மன்னனின் 6ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே வேலைக்கு வந்த 1,000 பேரின் படியைக்கூடச் சொல்கிறது: ரொட்டி, கட்டுக்கட்டாகக் காய்கறி, சுட்ட இறைச்சி, மாதம் இரண்டு துணி. மன்னன் பெருமைக்காக எழுதியதுதான், கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

2019இல் இங்கே ஆட்டுத்தலை ஸ்பிங்ஸ் (சிங்க உடல் கொண்ட சிலை) ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். சுமார் 5 மீட்டர் நீளம், பாதி செதுக்கி விட்டுப்போனது. ரோமானியர் காலத்துக் குவாரிக் கழிவு அதன்மேல் குவிந்து மூடியிருந்தது. பக்கத்திலேயே குட்டி ஸ்பிங்ஸ் ஒன்றும் கிடைத்தது, யாரோ ஒரு கற்றுக்குட்டி செதுக்கிப் பழகியதாக இருக்கலாம் என்கிறார்கள் அகழாய்வாளர்கள்.