ரத்தம் கூடியிருக்கும்போது ஏன் ‘ரத்தம் கம்மி’ என்கிறார்கள்?

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதச் செக்கப்புக்குப் போய்விட்டு வரும் பல பெண்கள் வீட்டில் சொல்லும் முதல் சேதி, “ரத்தம் கம்மியா இருக்காம்.” மூன்றாம் மாதத்தில் 12 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 10.8. உடனே மாமியார் முருங்கைக்கீரைக்குச் சொல்லிவிடுவார், அம்மா பேரீச்சம்பழம் வாங்கி அனுப்புவார். நல்லதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் உடம்பில் ரத்தம் குறையவில்லை, முன்பைவிடக் கூடியிருக்கிறது.

பேறுகாலம் நெருங்குவதற்குள் ரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை ஏறிவிடும். ஏறுவதில் பெரும்பங்கு பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. சிவப்பணுக்களும் பெருகத்தான் செய்கின்றன, அந்த வேகத்தில் இல்லை. கெட்டி மோரில் ஒரு சொம்பு தண்ணீர் விட்ட கதை. தயிர் எங்கும் போய்விடவில்லை. ஒரு டம்ளர் மொண்டு பார்த்தால் நீர்த்திருக்கிறது. ஹீமோகுளோபின் பரிசோதனை பார்ப்பது அந்த ஒரு டம்ளரைத்தான்.

இவ்வளவு நீர் எப்படிச் சேர்கிறது? கர்ப்பகால ஹார்மோன்கள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. குழாய் அகன்றால் அழுத்தம் தாழும். உடனே சிறுநீரகம், ரத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நடு மாதங்களில் பிபி சற்று இறங்கியிருப்பதற்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவதற்கும் இதே தளர்ச்சிதான் காரணம். நீர்த்த ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்ணிய இடங்களில் சுலபமாக ஓடும். பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போனாலும் உடம்பு தாங்கும்.

உள்ளே இருக்கும் குழந்தை 20 வாரத்தில் ஏறக்குறைய 300 கிராம். தாயின் ரத்தமே குழந்தைக்குள் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நஞ்சுக்கொடியில் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் இரண்டு ரத்தமும் தனித்தனியே நிற்கின்றன. குழந்தை தன் ரத்தத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அதுவும் இந்த மாதங்களில் பெரும்பாலும் கல்லீரலில்! எலும்பு மஜ்ஜை அப்போதுதான் வேலை பழகத் தொடங்கியிருக்கும். குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகை. தாயுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடிக்கும் என்பதால், சவ்வுக்கு அப்பாலிருந்து இழுத்துக்கொள்ள முடிகிறது. இரும்புச்சத்திலும் குழந்தையின் கைதான் ஓங்கியிருக்கும். தாயிடம் கையிருப்பு குறைவாக இருந்தாலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அதனால் ‘இது வெறும் நீர்ப்புதான்’ என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கர்ப்பகாலம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. நடு மாதங்களில் 10.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று எடுத்துக்கொள்வார்கள். நீர்ப்பு மட்டும் என்றால் சிவப்பணுக்கள் வழக்கமான அளவிலேயே இருக்கும். இரும்பு போதாதபோது சிறுத்து, வெளிறிவிடும். முழு ரத்தப் பரிசோதனைச் சீட்டில், சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற வரியை மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான்.

அரசு மருத்துவமனைகளில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. காபி, டீயோடு போட்டால் பாதி வீண். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும், முருங்கைக்கீரைக்கும் இதே கணக்கு. மாத்திரை தொடங்கியதும் மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. குடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பின் நிறம் அது.