'பேட்டரி கரண்ட்தானே' என்று தகரத்தில் சுற்றப்படும் நியான் வயர்

மறுபடியும் ஒரு திருவிழா ஊர்தி, டிராக்டர் டிரெய்லரில் கட்டியது. இரும்புச் சட்டம், அதன்மேல் ஜி.ஐ. தகரத்தில் வெட்டிய மயில், தோகை ஓரமெல்லாம் பச்சையும் நீலமுமாக நியான் வயர். கேபிள் டையைப் பிளையரால் இழுத்து இறுக்கிய இடத்தில் மேல்தோல் கிழிந்து, தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி வெளியே வந்து தகர விளிம்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கைப்பிடியைத் தொட்டவர்களுக்கெல்லாம் சுருக்கென்று அடித்திருக்கிறது. கேட்டால் ஒரே பதில்: "பேட்டரி கரண்ட்தானே, ஒண்ணும் பண்ணாது." தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கோயில் திருவிழாவோ சந்தனக்கூடோ சர்ச் திருவிழாவோ, ஊர்தி கட்டும் இடத்திலெல்லாம் இதையே கேட்கிறோம். இதைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து 12 வோல்ட் போவது நியான் வயரோடு வரும் அந்தச் சின்ன இன்வெர்ட்டர் பெட்டி வரைக்கும்தான். பெட்டிக்குள் அது ஏசியாக மாறி, சுமார் 100 வோல்ட்டும் அதற்கு மேலும் ஏறி, விநாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் முறை திசை மாறும் மின்சாரமாக வெளியே வருகிறது. 'ங்ங்' என்று கொசு மாதிரி சத்தம் வருவதே அதனால்தான். 12 வோல்ட்டில் இந்த வயர் எரியவே எரியாது. நடுவில் செம்புக் கம்பி, அதன்மேல் பாஸ்பர் பூச்சு, பூச்சின்மேல் சுற்றிய இரண்டு மெல்லிய கம்பிகள், அப்புறம் பி.வி.சி. தோல். நடுக்கம்பிக்கும் மெல்லிய கம்பிகளுக்கும் இடையே அந்த ஏசி அழுத்தம் நின்றால்தான் பூச்சு ஒளிரும். 'பேட்டரியில் ஓடுகிறது' என்பதும் 'பேட்டரி வோல்ட்டில் ஓடுகிறது' என்பதும் ஒன்றல்ல. வீட்டு இன்வெர்ட்டரும் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. அதன் பிளக்கில் விரல் வைப்பீர்களா?

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், கடையில் எல்.ஈ.டி. நியான் ஃபிளெக்ஸையும் 'நியான்' என்றே கொடுக்கிறார்கள். அது பட்டையாக, தடிமனாக இருக்கும். பெரும்பாலும் நிஜமாகவே 12 வோல்ட் டிசி. 230 வோல்ட்டிலும் வருகிறது, லேபிளைப் படியுங்கள். நாம் பேசுவது 2.3 மி.மீ. கனத்தில், சத்தம் போடும் பெட்டியோடு வரும் இ.எல். (எலக்ட்ரோலூமினசென்ட்) வயரைப் பற்றி.

மல்டிமீட்டரை வைத்து "எவ்வளவு குறைவாகக் காட்டுது பாருங்க" என்பவர்களுக்கு: சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்குச் செய்தது. 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

சரி, 2 மீட்டர் வயர் ஓட்டும் சின்னப் பெட்டி அடித்தால் ஆள் சாக மாட்டார், உண்மை. ஆனால் 50 மீட்டர் ஓட்டும் பெட்டி தரும் கரண்ட் பல மடங்கு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதே சட்டத்தில் சீரியல் லைட், ஃபோகஸ், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஜெனரேட்டரின் 230 வோல்ட்டில் ஓடுகின்றன. நியான் வயர் அடிக்கடி சுருக்கென்று அடித்துப் பழகிவிட்டால், ஜெனரேட்டர் கரண்ட் பாடியில் இறங்கும்போதும் "அது நியான்தான், விடு" என்று விட்டுவிடுகிறார்கள். கைக்கு இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். காய்ந்த தார்ச்சாலையில் சுருக்கென்றது, பெண்கள் தண்ணீர் ஊற்றிய தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் வேறாகிவிடும். கூட நடப்பவர்கள் செருப்புகூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நியான் வயர் பாடியில் துளியும் இறங்காதபடி கட்டுங்கள். அப்போதுதான் எந்தச் சுருக்கும் எச்சரிக்கையாக இருக்கும்.

நம் கடற்கரையில் இது இரட்டிப்பு வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் துடைத்த தகரத்தில் சாயங்காலம் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கரண்டைக் கடத்தும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பாதுகாப்புப் பெயின்ட்டும் தேவைப்பட்டிருக்கின்றன. முடி கனச் செம்புக் கம்பி எம்மாத்திரம்? தோலில் ஊசி முனை அளவு ஓட்டை போதும். உப்பு ஈரம் உள்ளே போய்ப் பாஸ்பர் கறுத்து, அங்கிருந்து வயர் மங்கிக்கொண்டே வரும்.

கட்டும் முறைக்கு வருவோம். தகரத்தின்மேல் நேராக வயரை ஓட்டாதீர்கள். 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட்டில் வடிவத்தை வெட்டி, வயரை அதில் கட்டி, ஷீட்டைத் தகரத்தில் போல்ட் போடுங்கள். ஏ.சி.பி. ஷீட் வேண்டாம். பார்க்கப் பிளாஸ்டிக் போலத் தெரிந்தாலும் அதன் இரண்டு முகமும் அலுமினியம். ஃபோம் ஷீட்டில் வயரின் இருபுறமும் 1.5 மி.மீ. ஓட்டை, இடைவெளி 4 மி.மீ. தங்கூசி நரம்பை (மீன்பிடி நைலான் இழை) முன்பக்கம் வயரைத் தாண்டிப் போட்டுப் பின்பக்கம் முடிச்சு. நேர்க்கோட்டில் 10 செ.மீ.க்கு ஒரு கட்டு, வளைவில் 3 செ.மீ.க்கு ஒன்று. கட்டியபின் வயரை இழுத்தால் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும்; நகராவிட்டால் இறுக்கம் அதிகம், அவிழ்த்துக் கட்டுங்கள். வலை பின்னத் தெரிந்த கை எந்தத் தெருவிலும் கிடைக்கும் ஊர் நம்முடையது, அவர்களைக் கூப்பிடுங்கள். பென்சில் கனத்தைவிடச் சிறிய வளைவு கூடாது. கூர் மூலை வேண்டுமென்றால் வயரை ஓட்டை வழியாகப் பின்னால் கொண்டுபோய் அகலமாகத் திருப்பி, மறுபடி முன்னால் கொண்டுவாருங்கள். தகரத்தைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ் கட்டாயம். வெட்டிய தகர விளிம்பு பிளேடு. டிரெய்லர் குலுங்கக் குலுங்க அறுத்துவிடும்.

ஹாட் க்ளூ இரும்பில் நிற்காது. இரும்பு சூட்டை உறிஞ்சிவிடுவதால் பசை பிடிக்கும் முன்பே உறைந்துபோகும். மத்தியான வெயிலில் தகரம் கொதிக்கும்போது உரிந்து தொங்கும். சூப்பர் க்ளூ தோலை விறைக்க வைத்துக் குலுக்கலில் வெடிக்க வைக்கும். புளிப்பு வாடை வரும் சிலிக்கான் செம்பையும் தகரத்தையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள். காந்தம் வைத்து ஒட்டலாம் என்பார்கள். உப்புக் காற்றில் காந்தத்தின் பூச்சு உரிந்து துருப்பிடித்துவிடும், வேண்டாம்.

வெட்டிய முனையை அப்படியே விடுவதுதான் அடுத்த தவறு. மெல்லிய கம்பிகள் இரண்டையும் நடுக்கம்பியைவிட 5 மி.மீ. உள்ளே வெட்டுங்கள். பிறகு உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, முனை தாண்டி 1 செ.மீ. விட்டுச் சூடாக்கி, பசை பிதுங்கும்போதே பிளையரால் நசுக்கி மூடுங்கள். இணைப்பு முனையில் நடுக்கம்பியின் பாஸ்பரைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுச் சால்டர் செய்ய வேண்டும். மெல்லிய கம்பிகளுக்குத் தனி ஸ்லீவ், மொத்தத்துக்கும் மேலே இன்னொன்று. சால்டர் விறைப்பாக இருக்கும், வயர் வளையும். இரண்டும் சேரும் இடத்தில்தான் குலுக்கலில் ஒடியும். அதனால் இணைப்புக்கு இருபுறமும் கட்டுப் போட்டு அசையாமல் வையுங்கள்.

டிராக்டர் பேட்டரியில் இணைக்கவே கூடாது. அதன் நெகட்டிவ் சேசிஸில் பிணைந்திருக்கிறது. சில பெட்டிகளில் உள்ளே வரும் நெகட்டிவும் வெளியே போகும் நெகட்டிவும் ஒன்றுதான், அப்போது நியான் வயரின் ஒரு பக்கம் பாடியோடு சேர்ந்துவிடும். தனியாக 12 வோல்ட் 7 ஏ.ஹெச். பேட்டரி, எந்த முனையும் பாடியைத் தொடாமல், பிளாஸ்டிக் டப்பாவில். பாசிட்டிவில் ஃபியூஸ், டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச். பெட்டியில் எழுதிய நீளத்துக்கு ஏற்ப வயரை மாட்டுங்கள். வயரே இல்லாமல் ஆன் செய்தால் பெட்டி எரிந்துபோகலாம்.

கட்டி முடித்ததும் இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வயரின் இரண்டு லீடையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் பாடிக்கும் நடுவே மெக்கரை (கசிவைச் சோதிக்கும் இன்சுலேஷன் மீட்டர்) 250 வோல்ட்டில் வையுங்கள். அப்புறம் உப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து முழுக்க அடித்து, தகரத்தைக் கையால் தட்டிக்கொண்டே மறுபடி பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஓட்டை இருக்கிறது, தேடுங்கள். உலர்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' சொல்லாதீர்கள்.

"ஆர்.சி.சி.பி. போட்டிருக்கே" என்பது இன்னொரு பதில். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச் அது. ஜெனரேட்டர் பக்கத்து ஆர்.சி.சி.பி.க்கு நியான் பெட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பெரும்பாலும் எதிலும் பிணையாமல் இருக்கும், அதை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் ஜெனரேட்டர் பாடியோடும் ஊர்திச் சட்டத்தோடும் இணைக்காவிட்டால் 230 வோல்ட் கசிந்தாலும் அது விழாது. இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள்.

ஊர்வலத்தில் சுருக்கென்றால் முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள், அடுத்து நியானை. நிற்கும்வரை மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, கீழே இருப்பவர் சட்டத்தைத் தொடக் கூடாது. டெஸ்டர் வைத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டுக்கும் அது எரியும். மேலே போகும் லைனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். உச்சியை மடக்கும்படி கட்டுங்கள், வழியை முன்னாளே நடந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிருஷ்ணர் வேஷத்திலும் தேவதை வேஷத்திலும் மேலே நிற்கும் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் மட்டும் இந்த வயரைச் சுற்றாதீர்கள், அய்யா. லேசாக அடித்தாலே பயத்தில் கையை விட்டுவிடும். கீழே டிரெய்லர் டயர். அந்தக் கம்பிக்கு முழு நீளம் பி.வி.சி. குழாயைப் பிளந்து மாட்டி, நியானை ஒரு முழம் தள்ளி ஃபோம் ஷீட்டில் கட்டுங்கள்.