ஆக்சிஜன் இருந்தும் மூச்சு போதாத உயரம்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 படைப்பிரிவு இருக்கிறது. வயலில் நிற்பவர் தலைக்கு மேல் இரைந்து போகும் அந்த விமானம் சில நிமிடங்களில் 40,000 அடியைத் தொட்டுவிடும். அங்கே ஆக்சிஜன் குறைவு என்கிறோம். நாகப்பட்டினம் கடற்கரையிலும் சரி, அந்த உயரத்திலும் சரி, காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம்.

கடற்கரையில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 18,000 அடியில் அதில் பாதி. 40,000 அடியில் வெறும் 141. நுரையீரலுக்குள் நீராவி 47, கரியமில வாயு ஏறக்குறைய 40 எடுத்துக்கொள்ளும். உயரம் கூடினாலும் இவை பெரிதாக விட்டுக்கொடுப்பதில்லை. ஆக, சுத்த ஆக்சிஜனையே சுவாசித்தாலும் மிஞ்சுவது 54தான். தரையில் நமக்குக் கிடைப்பது 100.

அதற்கு மேலே போனால் முகமூடியே ஆக்சிஜனை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அப்போது மூச்சின் முறையே தலைகீழாகிறது: இழுப்பது தானாக நடக்கும், விடுவதற்குத்தான் வயிற்றை எக்கி உழைக்க வேண்டும். பேசுவதும் சிரமம். முகமூடி ஓரத்தில் தாடி அகப்பட்டால் அந்த இடுக்கு வழியே ஆக்சிஜன் கசிந்துவிடும்.

தேஜஸ் போன்ற விமானங்களுக்கான அமைப்பில் ஆக்சிஜன் பறக்கும்போதே தயாராகிறது. என்ஜினிலிருந்து வரும் அழுத்தக் காற்றை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள் நிறைந்த கலன் வழியே செலுத்தினால் நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கலனில் நைட்ரஜன் நிறைந்ததும் அழுத்தத்தைக் குறைத்து நைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அதற்குள் அடுத்த கலன் வேலை செய்யும். காற்றில் சிறிதளவு உள்ள ஆர்கான் வாயு பிரியாததால் தூய்மை சுமார் 95 சதவீதத்தோடு நின்றுவிடும். 2021 கொரோனா அலையில் வீடுகளுக்கு வந்த ஆக்சிஜன் செறிவூட்டியும் இதே வேலையைத்தான் செய்தது.

திருச்சியில் பயணிகள் விமானம் ஏறுபவருக்கு இது வேறு விதம். கேபின் அழுத்தம் 8,000 அடி மலைக்கு ஒப்பாகப் பராமரிக்கப்படும். கசிவு ஏற்பட்டு 14,000 அடி அளவை எட்டினால் முகமூடி தானாகத் தொங்கும். அதை வெடுக்கென்று இழுக்க வேண்டும். பல விமானங்களில் அந்த இழுப்பில்தான் மேலேயுள்ள சோடியம் குளோரேட் பற்றி ஆக்சிஜன் விடும். எரிந்த வாடை வரும், பை உப்பாமலும் இருக்கலாம், பயந்து கழற்றிவிடாதீர்கள். 12 நிமிடமாவது அது தாங்கும், அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்.

குழந்தைக்கு முன் உங்களுக்கு மாட்டிக்கொள்ளுங்கள். 35,000 அடியில் நிதானம் நிற்பது 30 முதல் 60 விநாடிதான். அந்தத் தடுமாற்றம் பலருக்கு வலியாக வருவதில்லை, ஒரு மிதப்பாக, எல்லாம் நன்றாகப் போவதுபோலவே வரும். நகக்கண் நாவல்பழ நிறத்துக்கு மாறுவதைக்கூடக் கவனிக்கத் தோன்றாது.