ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல்: பூஞ்சையை நினைத்தீர்களா?

மாலையில் எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு ஒரு சின்ன பாட்டில் வந்தது. உள்ளே, நோயாளியின் மூக்குக்குள்ளிருந்து எடுத்த பயறளவு தசைத்துணுக்கு. "சர்க்கரை நோய், ஒரு பக்கக் கண் வீக்கம், பூஞ்சை உள்ளதா?" என்று சீட்டில் எழுதியிருந்தது. மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியது. ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு போன் போட்டேன். நல்லவேளையாக நோயாளி இன்னும் மேசையில்தான் இருந்தார். இன்னொரு துணுக்கை எடுத்துச் சலைனில் போட்டு அனுப்பினார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, அகலமான நாடா போன்ற இழைகள் தெரிந்தன. குறுக்குச் சுவர்கள் அரிதாகவே இருந்தன, கிளைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிந்தன. மியூகார் என்ற பூஞ்சைதான். அன்றிரவே அவருக்கு ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஏறத் தொடங்கியது.

பூஞ்சை வித்துகள் இல்லாத காற்று கிடையாது. தினமும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நூற்றுக்கணக்கான வித்துகள் நம் மூச்சோடு உள்ளே போகின்றன. 2 முதல் 3 மைக்ரான் அளவுதான் என்பதால் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. தப்பி முளைப்பவற்றை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் தாக்கி அழிக்கின்றன. இந்த நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கி, பத்து நாளுக்கு மேல் அங்கேயே நின்றால் ஆபத்து. இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் இதை மறப்பதில்லை.

எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றித்தான். கடுமையான ஃப்ளூ அல்லது கொரோனாவால் ஐ.சி.யூ.வில் இருப்பவர், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர், கல்லீரல் சுருங்கியவர், இப்ரூடினிப் போன்ற புதிய புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர். இவர்களின் வெள்ளையணு எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் பூஞ்சை யார் நினைவுக்கும் வருவதில்லை. ஒரு ஆன்டிபயாடிக் போய் இன்னொன்று, அதுவும் போய் மூன்றாவது என்று நாட்கள் ஓடிவிடும். எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது. நுரையீரலில் பூஞ்சை உண்டாக்கும் முதல் முடிச்சு சி.டி. ஸ்கேனில்தான் தெரியும்.

மியூகாருக்குப் பிடித்த இடம் வேறு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இரத்தம் அமிலமாகும்போது, புரதத்தோடு ஒட்டியிருந்த இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பு இந்தப் பூஞ்சைக்குத் தீனி. 2021-இல் இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலையில் ஆயிரக்கணக்கானோரை இது தாக்கியபோது 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் பரவியது. அந்தப் பெயர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பூஞ்சை கருப்பில்லை. அது இரத்தக்குழாயை அடைத்து, சதை செத்த பிறகுதான் கருக்கிறது. கருப்பு தெரியட்டும் என்று காத்திருந்தவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்க மூக்கடைப்பு, காரணமில்லாமல் மேல்வரிசைப் பல் ஆடுவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, இவைதான் முதலில் வரும். இரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், மியூகாருக்கான மருந்து ஆறு நாள் தள்ளிப்போனாலே இறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகியது.

பூஞ்சை என்று தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூகாரை ஒன்றும் செய்யாது. ஆஸ்பெர்ஜில்லஸைக் கண்டுபிடிக்க இரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமன்னன் பரிசோதனையும் மியூகாரைக் காட்டாது. 'நெகட்டிவ்' என்ற அந்தத் தாளை வைத்து நிம்மதி அடைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். லொமென்டோஸ்போரா என்று ஒரு பூஞ்சை இருக்கிறது, கையிலிருக்கும் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அது அடங்காது. வோரிகோனசோல் அசோல் வகை மருந்து; பயிர்களுக்கு அடிக்கும் அதே வகைப் பூஞ்சைக்கொல்லிகளால் வயலிலேயே மருந்துக்குப் பழகிவிட்ட ஆஸ்பெர்ஜில்லஸ், அந்த மருந்தை ஒருநாளும் சாப்பிடாத நோயாளியின் நுரையீரலுக்கும் வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதன்முறையாக 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டபோது, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை மிக அவசரமானவற்றில் சேர்த்தது.

ஃபியூசேரியம் என்ற இன்னொரு பூஞ்சை கால் வழியாகவும் வரும். கீமோ முடிந்து வெள்ளையணு பூஜ்ஜியத்தருகில் இருந்த ஓர் இளைஞரின் இரத்தக் கல்ச்சரில் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) பூஞ்சை இழைகளைக் கண்டேன். ஆஸ்பெர்ஜில்லஸ் இரத்தக் கல்ச்சரில் வளர்வது மிக அரிது, ஃபியூசேரியமோ அடிக்கடி வளரும். வார்டைக் கூப்பிட்டு, "சாக்ஸைக் கழற்றிக் கால் விரல்களைப் பாருங்கள்" என்றேன். பெருவிரல் நக ஓரம் சிவந்து வீங்கியிருந்தது, கெண்டைக்காலில் தொட்டால் வலிக்கும் கருஞ்சிவப்பு முடிச்சுகள். நகச்சுற்று கீமோவுக்கு முன்பே இருந்ததாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீமோ தொடங்கும் முன் கால் நகங்களை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில் இப்படி ஆபத்திலுள்ள ஒருவர் இருந்தால் சுவர் இடிக்கும் இடம், மக்கும் குப்பை, தோட்ட மண் பக்கம் அவரை விடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் என்-95 முகக்கவசம் போடட்டும். ஆன்டிபயாடிக் தொடங்கி நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், "பூஞ்சையாக இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுக்கமாட்டார்.

சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். துணுக்கை இரண்டாகப் பிரியுங்கள். ஃபார்மலினில் ஒன்று நோயியல் துறைக்கு, சலைனில் ஒன்று எங்களுக்கு. சீட்டில் 'மியூகார் சந்தேகம்' என்று எழுதிவிட்டு ஒரு போனும் செய்துவிடுங்கள். வழக்கம்போலத் தசையை அரைத்துக் கல்ச்சர் போட்டால் அந்த மென்மையான இழைகள் நசுங்கிச் செத்துவிடும். முன்பே தெரிந்தால் பிளேடால் பொடியாக நறுக்கிப் போடுவோம்.