இரண்டாந்தரச் சுருதியா, ஈராக்கிச் சுருதியா?

'பிதாகரஸ் சுருதி அமைப்பு இரண்டாந்தரமானது.' ஓர் இசைப் பட்டறையில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் இருந்த வரி. பக்கத்திலிருந்த வயலின் மாணவி, "அவ்வளவு மட்டமா அது?" என்று கேட்டாள். ஆங்கில மூலத்தில் இருந்தது 'ரேங்க் 2' (rank 2). இந்தப் பிழையை நான் பார்ப்பது நாலாவது தடவை.

ரேங்க் என்பது இங்கே வெறும் எண்ணிக்கை. ஓர் அமைப்பின் எல்லாச் சுரங்களையும் அடுக்கிப் பெற எத்தனை அடிப்படை இடைவெளிகள் வேண்டும் என்ற கணக்கு. அந்த இடைவெளிதான் ஜெனரேட்டர். 'பெற்றெடு' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட் (சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு). அதையே 12 முறை அடுக்கினால் மேல் ஷட்ஜம் வந்துவிடும், ஒன்றே போதும். பிதாகரஸ் முறைக்கு ஸ்தாயி (அதிர்வெண் விகிதம் 2:1), பஞ்சமம் (3:2) இரண்டும் வேண்டும். 12 பஞ்சமம் அடுக்கினால் 7 ஸ்தாயியைத் தாண்டிச் சுமார் 23.5 சென்ட் போய்விடும், ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. 5:4 அந்தர காந்தாரத்தையும் சேர்த்தால் மூன்று.

'தரம்' எங்கிருந்து வந்தது என்று தெரியும். பள்ளிக் கணிதத்தில் 'அணியின் தரம்' என்று படித்திருக்கிறோம். அங்கே சரி, அணியை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. இசையில் தரம் என்றாலே நல்லது கெட்டதுதான். அந்த 5:4 காந்தாரம் சுத்தமாக ஒலிக்கும் அமைப்பு மூன்றாந்தரம், கீபோர்டு முதல்தரம் என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? 'தரவரிசை' இன்னும் மோசம். இங்கே போட்டியே இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்காததால் வரும் வினை இது.

ஜெனரேட்டரை 'ஜனகம்' என்பவர்களும் உண்டு. வேர் பொருந்துகிறது, லத்தீன் வினையும் வடமொழி 'ஜன்' வேரும் உறவுதான். ஆனால் ஜனக ராகம் என்று 72 மேளங்களைச் சொல்லிப் பழகிய காதில் 'இரு ஜனக அமைப்பு' விழுந்தால் இரண்டு தாய் ராகங்களைத் தேடுவார்கள்.

நான் எழுதுவது 'ஆக்கி'. ஓராக்கி, ஈராக்கி, மூவாக்கி. கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாலு பஞ்சமம் அடுக்கினால் வரும் காந்தாரத்துக்கும் 5:4 காந்தாரத்துக்கும் நடுவே உள்ள 81:80 என்ற சின்ன வித்தியாசத்தை, அதாவது சுமார் 21.5 சென்ட்டை, இல்லாமல் செய்தால் மூவாக்கி ஈராக்கியாகிவிடும். ஐரோப்பாவின் பழைய மீன்டோன் (meantone) சுருதி முறை அப்படிப்பட்டதுதான். இதை அந்த மாணவிக்குச் சொன்னபோது, "அப்போ கீபோர்டு ஓராக்கி" என்று அவளே முடித்தாள்.