ஸ்மெல்டர் என்பது உருக்காலையா?

"எல் பாசோ உருக்காலையிலிருந்து பரவிய ஈயம்." இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது மொழிபெயர்ப்பில் இப்படிப் படித்துவிட்டேன். ஆங்கில மூலத்தில் இருப்பது 'ஸ்மெல்டர்', தாதுவிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆலை. சேலத்துக்காரரிடம் உருக்காலை என்று சொல்லிப் பாருங்கள், எஃகு ஆலைக்கு வழி காட்டுவார். உருக்கு என்றாலே எஃகுதான். டெக்சாஸின் எல் பாசோவில் 1887இல் எழுந்த ஆலையோ ஈயமும் செம்பும் எடுத்தது.

'ஸ்மெல்ட்' டச்சு வழி வந்த சொல். உருகுதலைக் குறிக்கும் 'மெல்ட்' அதற்குப் பங்காளி. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

உருக்கும் ஆலை உருக்காலைதானே என்பார்கள். இல்லை. எங்கள் தெருப் பத்தர் பழைய வளையலை மூசையில் இட்டு ஊதுகிறார். வளையல் சிவந்து, நெளிந்து, பளபளவென்று ஒரு குண்டுமணியாய்த் திரண்டு நிற்கிறது. போட்டதும் தங்கம், எடுப்பதும் தங்கம். அது உருக்குதல். ஸ்மெல்டருக்குள் போவது தாது. கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் ஈயத்தை முதலில் வறுத்து, பிறகு கரியோடு சேர்த்துக் காய்ச்சிப் பிரிக்க வேண்டும். பிரித்தால் மிச்சம் இருக்கும். கசடு குவிகிறது, கந்தகம் வாயுவாகிறது, ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் தூசியாகப் புகைபோக்கி ஏறுகின்றன. 1969 முதல் 1971 வரை அந்த ஆலை காற்றில் விட்ட ஈயம் மட்டும் 1,000 டன்னுக்கு மேல். ஒரு மைல் தொலைவுக்குள் வாழ்ந்த, ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமும் அதைத் தாண்டியும் ஈயம் இருந்தது. 'உருக்கினார்கள்' என்று மட்டும் எழுதினால் இந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று வாசகருக்கு எப்படி விளங்கும்?

ஆகவே உருக்கிப் பிரித்தல். உருக்கிப் பிரிக்கும் ஆலை. நீளம்தான், இருக்கட்டும். சுருக்கம் தேடுவோர் 'உருக்குலை' என்பார்கள். எனக்கு அதில் உலை தெரிவதற்குள் உருக்குலைந்த ஊர்தான் தெரிகிறது.

அதே மொழிபெயர்ப்பில் 'ஹெவி மெட்டல்ஸ்' என்பதற்குக் 'கடின உலோகங்கள்' வேறு! ஈயத்தை நகத்தால் கீறலாம். கன உலோகம் என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. புரட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஆலையை ஒட்டியிருந்த குடியிருப்பு ஸ்மெல்டர்டவுன். அதையும் 'உருக்காலை நகர்' ஆக்கிவிட்டார்கள். அங்கு வாழ்ந்த மெக்சிகோ வழித் தொழிலாளர் குடும்பங்கள், ஆங்கிலச் சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்து 'லா எஸ்மெல்தா' என்றார்கள். இரத்தத்தில் ஈயம் தெரிந்த பிறகு அவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்துவிட்டார்கள். பெயரையாவது விட்டுவைக்கலாம்.